தொட்டில் பழக்கமும் டெக்ஸ்ட் எடிட்டரும்

(போன ஞாயித்துக்கிழமை எங்க ஊர் லினக்ஸ் கூட்டத்துல நான் பேசுனது. ஃபோன்ல ரெக்கார்ட் ஆனத கேட்டு கேட்டு நானே டைப் பண்ணேன். நடுவுல கரண்ட் போய் மைக் ஆஃப் ஆன அஞ்சு நிமிஷம் மட்டும் இதுல இல்ல.)

எல்லாருக்கும் வணக்கம். மேடைல இருக்குற தலைவர் ஐயா அவர்களே, ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம ஹாலை திறந்து குடுத்து, ஏசியும் போட்டு குடுத்த கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் தலைவர் அவர்களே, எனக்கு முன்னாடி பேசி எனக்குன்னு வெச்சிருந்த நேரத்துல பாதிய அன்போட எடுத்துக்கிட்ட பேராசிரியர் அவர்களே, லேப் அசிஸ்டன்ட் அண்ணே, பின் வரிசைல லேப்டாப் திறந்து வெச்சுக்கிட்டு நான் பேசறத கேக்குற மாதிரி நடிக்கிற தம்பிகளே தங்கச்சிகளே, எல்லாருக்கும் நன்றி. முதல்வர் அம்மா போன வருஷமும் இதே ஹாலை குடுத்தாங்க, அதுக்கு அப்ப நன்றி சொல்ல விட்டுப்போச்சு, அதையும் சேத்து இப்பவே சொல்லிடறேன்.

தலைப்பு, புரோகிராமருக்கும் எடிட்டருக்கும், அதாவது அவர் புரோகிராம் டைப் பண்ற மென்பொருளுக்கும், என்ன அப்படி ஒரு பக்தி. மூணு விஷயம் சொல்லப்போறேன். ஒண்ணு, இந்த பக்தி எங்கேருந்து வருது. ரெண்டு, வீ-ஐ, இமாக்ஸ்னு ரெண்டு பழைய எடிட்டரோட ஆளுங்களுக்குள்ள நடக்குற சண்டை. மூணு, நீங்க எந்த எடிட்டர் எடுக்கலாம். மூணாவதுக்குத்தான் பாதி பேர் வந்திருக்கீங்கன்னு தெரியும், கொஞ்சம் பொறுங்க.

எங்க பாட்டி எதுக்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லும், தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு. நான் சாப்பிடறப்ப கால ஆட்டுனாலும் அதான், எங்க தாத்தா பீடி பத்த வெச்சாலும் அதான். பாட்டிக்கு கம்ப்யூட்டர்னா என்னன்னே தெரியாது, ஆனா எடிட்டர் சண்டைய பத்தி உலகத்துல எழுதுன எல்லாத்தையும் விட அந்த நாலு வார்த்தை தெளிவா சொல்லிருக்குன்னு நெனக்கிறேன்.

வீ-ஐ எடுத்துக்கோங்க. 1976 வாக்குல பெர்க்லி யுனிவர்சிட்டில பில் ஜாய்னு ஒரு ஸ்டூடன்ட் எழுதுனது. அதுக்கு முன்னாடி பெல் லேப்ஸ்ல கென் தாம்ப்சன் எழுதுன ஈடி தான், அது ஒரு நேரத்துக்கு ஒரு வரி காட்டும், தப்பு பண்ணா ஒரே ஒரு கேள்விக்குறி போடும், அவ்ளோதான், எதுக்கு போட்டுச்சுன்னு நீயே கண்டுபிடிச்சுக்க. பில் ஜாய் முழு ஸ்க்ரீன்ல எழுதுற மாதிரி பண்ணாரு, ஆனா அவர்கிட்ட இருந்தது வீட்லேருந்து ஃபோன் லைன் வழியா பெரிய கம்ப்யூட்டரோட பேசற 300 பாட் மோடம். கணக்கு போட்டு பாருங்க, செகண்டுக்கு கிட்டத்தட்ட 30 எழுத்து வரும். ஸ்க்ரீன்ல 24 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 1920. ஒரு ஸ்க்ரீன் முழுசா நெறைய ஒரு நிமிஷத்துக்கு மேல ஆவும். அந்த நெலமைல எந்த கமாண்டையும் ரெண்டெழுத்துக்கு மேல வெக்க மனசு வருமா? அதான் டிடி போட்டா வரி காலி, டிடபிள்யூ போட்டா வார்த்தை காலி. இன்னிக்கு வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்தாச்சு, நாம இன்னும் அந்த 300 பாட் கஞ்சத்தனத்தோட தான் டைப் பண்றோம், பண்ணிட்டு அதை பெருமையா வேற சொல்லிக்கிறோம்.

அப்புறம் இந்த எச் ஜே கே எல். கர்சர் நகத்த ஏன் அந்த நாலு கீ? ஏதோ பெரிய ஆராய்ச்சி பண்ணி வெச்சதுன்னு நான் ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன். கெடையாது. பில் ஜாய் யூஸ் பண்ண டெர்மினல், அதாவது ஸ்க்ரீனும் கீபோர்டும் சேந்த பொட்டி, அது பேரு ஏடிஎம்-3ஏ, லியர் சீக்லர் கம்பெனி பண்ணது, அதுல தனியா ஆரோ கீயே இல்ல, எச் ஜே கே எல் மேலயே அம்புக்குறி அச்சடிச்சிருந்தான். எஸ்கேப் கீயும் அதுல இப்ப டேப் இருக்குற எடத்துல, க்யூவுக்கு பக்கத்துலயே இருந்துச்சு, சுண்டு விரல் எட்டுற தூரம். அதனால தான் வீ-ஐல நிமிஷத்துக்கு பத்து வாட்டி எஸ்கேப் அடிக்க வெச்சாரு. இப்ப எஸ்கேப் எங்கயோ மேல மூலைல போய் உக்காந்திருக்கு, நாம கைய தூக்கி தூக்கி அடிக்கிறோம். அந்த டெர்மினல் மியூசியத்துக்கு போயாச்சு. தொட்டில் ஒடஞ்சு போச்சு, பழக்கம் நிக்குது பாருங்க. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்!

இமாக்ஸ் அந்தப்பக்கம். அதே 1976, எம்ஐடி ஏஐ லேப், பிற்பாடு சுதந்திர மென்பொருள் இயக்கத்த ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல்ங்கறவர், இன்னும் சில பேர். டெக்கோன்னு ஒரு எடிட்டர், அதுக்கு ஆளாளுக்கு மேக்ரோ, அதாவது பல கமாண்ட சேத்த குட்டி புரோகிராம், எழுதி வெச்சிருந்தத ஒண்ணா சேத்து கட்டுனது தான் இமாக்ஸ். அவங்களுக்கு மோடம் பஞ்சம் கெடையாது, கீபோர்டுலயும் கண்ட்ரோல், மெட்டான்னு கை வெக்கிற எடத்துல எல்லாம் ஷிஃப்ட் மாதிரி கீ. இருக்குறத பயன்படுத்துனாங்க. 1985ல ஜிஎன்யூ இமாக்ஸ் வந்துச்சு, உள்ளயே லிஸ்ப்னு ஒரு புரோகிராமிங் மொழி, மெயில் படிக்கலாம், டெட்ரிஸ் ஆடலாம், ஒரு டாக்டர் கூட இருக்காரு, நம்ம கவலைய கேட்டு திருப்பி நம்மளயே கேள்வி கேப்பாரு, ஃபீஸ் கெடையாது. ஸ்டால்மன் மேடைல அங்கி போட்டுக்கிட்டு தலைக்கு பின்னாடி பழைய டிஸ்க் ஒண்ண ஒளிவட்டமா மாட்டிக்கிட்டு நான் இமாக்ஸ் சர்ச்சோட புனிதர்னு காமெடி பண்ணுவாரு. வீ-ஐ மூணு வாட்டி எழுதுனா ரோமன்ல ஆறு ஆறு ஆறு, சாத்தானோட நம்பர்னு சொல்வாரு. அப்ப சுதந்திர மென்பொருளா வர்ற வீ-ஐ யூஸ் பண்ணா பாவமான்னு கேட்டா, பாவம் இல்ல, பிராயச்சித்தம்பாரு. நான் இருவது வருஷமா விம்ல, அதாவது வீ-ஐ மாதிரியே பண்ண சுதந்திர எடிட்டர்ல, பிராயச்சித்தம் பண்ணிட்டிருக்கேன்.

விம்முன்னு சொன்னதும் ஞாபகம் வருது, எங்க அம்மா ஒரு நாள் நான் ஃபோன்ல யார்கிட்டயோ நைட்டு பூரா விம்ல தான் இருந்தேன்னு சொன்னத கேட்டுட்டு, பாத்திரம் தேய்க்கிற வேலைக்கா உன்ன இஞ்சினியரிங் படிக்க வெச்சோம்னு கேட்டாங்க.

சரி, ரெண்டாவது விஷயம், சண்டை. இத கதையா சொன்னா தான் நல்லா இருக்கும். 2004, கிண்டி பக்கத்துல ஒரு சின்ன கம்பெனி, பேரு வேணாம், ஓனர் இன்னும் நல்லா இருக்காரு. நான் புதுசா சேந்த பொடியன். எனக்கு ரெண்டு சீனியர், ஒருத்தர் மதுரை அண்ணன், இமாக்ஸ். இன்னொருத்தர் நாகர்கோவில் அண்ணன், விம். ரெண்டு பேரும் ஒரே ப்ளேட்ல பரோட்டா சாப்பிடுவாங்க, எடிட்டர்னு பேச்சு வந்தா மட்டும் மூஞ்சி திரும்பிடும். கஸ்டமர் டெஸ்டிங்குக்குன்னு ஒரே ஒரு நல்ல லினக்ஸ் மெஷின், ஒரே லாகின், பகல் ஷிஃப்ட் மதுரை, நைட் ஷிஃப்ட் நாகர்கோவில். மதுரை அண்ணனுக்கு எந்நேரமும் கண்ட்ரோல் வேணும், அவர் எக்ஸ்மாட்மேப்ல, அதாவது எந்த கீ என்ன வேலை செய்யணும்னு மாத்துற கமாண்ட்ல, கேப்ஸ் லாக்க கண்ட்ரோலா மாத்தி வெச்சுட்டாரு. நைட்டு நாகர்கோவில் அண்ணன் வந்து அதே கேப்ஸ் லாக்க எஸ்கேப்பா மாத்துவாரு. காலைல மதுரை அண்ணன் திருப்பி மாத்துவாரு. மூணு மாசம் இப்படியே நடந்துச்சு, ஒருத்தர் கிட்ட ஒருத்தர் ஒரு வார்த்தை பேசல, வாசல் கோலத்த அழிச்சு அழிச்சு போடற மாதிரி.

ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணி, டெண்டர் கவரிங் லெட்டர் டைப் பண்ண ஓனர் அந்த மெஷின்ல உக்காந்தாரு, அவர் மெஷின்ல வைரஸ். அவருக்கு டெண்டர் லெட்டர்னா எல்லாமே கேப்பிட்டல் லெட்டர்ல தான் இருக்கணும், அப்பதான் கவர்மென்ட்ல மதிப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை. கேப்ஸ் லாக் அமுக்குறாரு, சின்ன எழுத்து தான் வருது. ஓங்கி அமுக்குறாரு, அதே சின்ன எழுத்து. கீபோர்டு போச்சுன்னு ஸ்டோர்லேருந்து வேற எடுத்துட்டு வரச்சொன்னாரு. அதுலயும் வரல. மூணாவதா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஆள் அனுப்பி ப்ளாஸ்டிக் கவர் பிரிக்காத புது கீபோர்டு வந்துச்சு, அதுலயும் வரல. சர்வீஸ் தம்பிய கூப்பிட்டாங்க. அவன் வந்து மூணு கீபோர்டையும் பக்கத்து மெஷின்ல மாட்டி பாக்குறான், மூணுமே ஜம்முன்னு வேலை செய்யுது. திரும்ப இங்க மாட்டுனா செய்யல. தலைய சொறிஞ்சுட்டு சொன்னான் பாருங்க, "சார், இந்த கம்ப்யூட்டருக்கு கேப்ஸ் லாக் ஒத்துக்கல சார்."

ரெண்டு அண்ணனும் அங்கதான் நிக்குறாங்க, ஷிஃப்ட் மாறுற நேரம். ரெண்டு பேரும் சீலிங் ஃபேன பாக்குறாங்க. நான் பொடியன், ஆர்வக்கோளாறு, ஹோம் டைரக்டரிய லிஸ்ட் போட்டேன். எக்ஸ்மாட்மேப் ஃபைல் இருக்கு, பக்கத்துலயே அதே பேர்ல வால்ல ~ன்னு ஒரு டில்டே குறி ஒட்டிக்கிட்டு இன்னொண்ணு, இமாக்ஸ் விட்டுட்டு போற பேக்கப். கூடவே ஃபைல் திறந்திருக்கறப்ப விம் வெக்கிற ஸ்வாப் ஃபைல், நாகர்கோவில் அண்ணன் நைட்டு மூடாமயே போயிருக்காரு. திருடன் ரெண்டு பேரும் செருப்ப விட்டுட்டு போன மாதிரி. நான் வாய தொறந்துட்டேன். ஓனர் ஒண்ணும் கத்தல. ட்ராயர்லேருந்து ஸ்க்ரூ ட்ரைவர் எடுத்தாரு, முதல் கீபோர்டுலேருந்து கேப்ஸ் லாக் கீய நெம்பி எடுத்தாரு, சட்டை பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு, இனிமே யாருக்கும் கெடையாதுன்னுட்டு போய்ட்டாரு. டெண்டர் லெட்டர நான் தான் ஷிஃப்ட்ட புடிச்சுக்கிட்டே அடிச்சு குடுத்தேன், ரெண்டரை பக்கம்.

(இந்த எடத்துல முதல்வர் அம்மா சிரிச்சாங்க, ரெக்கார்டுல கேக்குது.)

ரொம்ப வருஷம் கழிச்சு தான் எனக்கு ஒறச்சுது. அந்த ஏடிஎம்-3ஏ படத்த பாருங்க, ஏ கீக்கு இடது பக்கம் இருக்கறது கண்ட்ரோல். ஐபிஎம் பிசி ஆரம்பத்துல கூட அங்க கண்ட்ரோல் தான். பிற்பாடு வந்த 101 கீ போர்டுல தான் கேப்ஸ் லாக் அந்த எடத்த புடிச்சுது. ஆக மூணு மாசம் ரெண்டு அண்ணனும் சண்ட போட்டது, அவங்க பொறக்குறப்ப இருந்த கீபோர்டுல ஒரு கீ இருந்த காலி எடத்துக்கு. எடிட்டர் நல்லதா கெட்டதான்னு யாரும் பாக்கறதில்ல, வெரலுக்கு எது முதல்ல பழகுச்சோ அதான் சாமி. நம்ம காலேஜ்கள்ல எத்தன பேட்ச் டாஸ் காலத்து டர்போ சிங்கற மென்பொருளோட நீல ஸ்க்ரீன்ல ஆரம்பிச்சுது! டாஸ் செத்து அடக்கம் பண்ணதுக்கு அப்புறமும் டாஸ் மாதிரி நடிக்கிற டாஸ்பாக்ஸ்ல அத எழுப்பி உக்கார வெச்சு பாடம் நடத்துனாங்க. என் செட் ஆளுங்க இன்னிக்கும் சேவ் பண்ண கை தானா எஃப்2வுக்கு போவும். விஎஸ் கோடுன்னு புது எடிட்டர் 2015ல வந்துச்சு, பசங்க எல்லாம் அங்க போயாச்சு, சந்தோஷம், ஆனா போனதும் பாதி பேர் முதல் வேலையா விம் பிளகின் போடுறான். புது வீடு கட்டி உள்ள பழைய உரல கொண்டு போய் வெக்கிற மாதிரி.

பிராம் மூலனார பத்தி ஒரு வார்த்தை சொல்லாம போனா பாவம். விம் எழுதுனவர், நெதர்லாண்டுக்காரர், அமிகா கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்சு 1991ல வெளிய விட்டாரு. காசு வேணாம், மனசு இருந்தா உகாண்டால இருக்குற ஏழை பிள்ளைங்களுக்கு குடுங்கன்னு சொன்னாரு, விம்ம வெறுமனே திறந்தா அந்த வரி வரும், நாம யாரும் படிக்காம தாண்டி போயிருப்போம். 2023 ஆகஸ்ட்ல செத்துப்போய்ட்டாரு. முப்பது வருஷத்துக்கு மேல ஒரே மென்பொருள விடாம பாத்துக்கிட்ட மனுஷன்.

இப்ப நான் எதுக்கு இவ்ளோ சுத்துனேன்னா, என்னை தெரிஞ்சவங்களுக்கு தெரியும், ஆமா, தமிழ்99ங்கற தமிழ் கீபோர்டு அமைப்பு தான். சிரிக்காதீங்க. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னா, தமிழுக்கு நம்ம பிள்ளைங்க வெரல்ல என்ன தொட்டில் கட்டிருக்கோம்? தங்கிலீஷ். பந்துன்னு அடிக்க பி ஏ என் டி எச் யூ, ஆறு கீ. தமிழ்99ல ப, ந, த, உ, நாலு கீ, நடுவுல புள்ளி அதுவா வந்து உக்காந்துக்கும். அம்மாவும் நாலு கீ தான், அ ம ம ஆ. உயிரெழுத்து எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை, மொத்தம் 31 கீ, 247 எழுத்தும் முடிஞ்சுது. 1999ல சென்னைல மாநாடு போட்டு முடிவு பண்ணது, இன்னிக்கு வரைக்கும் எத்தன ஸ்கூல்ல சொல்லித்தர்றோம்? இந்த ஹால்லயே கை தூக்க சொல்லவா? வேணாம்.

இன்னொண்ணு கேளுங்க, இது எனக்கு ரொம்ப புடிச்சது. பில் ஜாயோட எச் ஜே கே எல் இருக்குல்ல, அதே நாலு கீ தமிழ்99ல என்ன தெரியுமா? க, ப, ம, த. நமக்கு அதிகமா வர்ற மெய்யெழுத்து, வலது கை சும்மா படுத்திருக்குற எடத்துலயே. விம் பழகுன கைக்கு தமிழ் பாதி பழகுன மாதிரி தான். ஆனா ஒரு தொல்லை இருக்கு, கம்ப்யூட்டர்ல தமிழ போட்டுட்டு விம்ல எழுதுவீங்க, எஸ்கேப் அடிச்சிட்டு வரிய அழிக்க டிடி அடிப்பீங்க, அதுக்கு போறது உ உ, விம் முழிக்கும். வழி இருக்கு. கீமேப்னு ஒரு ஆப்ஷன், எழுதுறப்ப மட்டும் தமிழ், எஸ்கேப் அடிச்சா கமாண்ட் எல்லாம் பழையபடி. இமாக்ஸ்லயும் தமிழ் இன்புட் உள்ளயே வருது, கண்ட்ரோலோட பின்சாய்கோடு அடிச்சா மாறிக்கும். எதிரிங்க ரெண்டு பேரும் தமிழுக்கு எடம் ஒதுக்கி வெச்சிருக்கான், நாம தான் போய் உக்காரல. ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு, வெரல் இன்னும் எதுக்கும் பழகாத வயசுல, வாரத்துக்கு ஒரு பீரியட் குடுங்க, போதும். இதுக்கு ஒரு மனு எழுதி வெச்சிருக்கேன், கையெழுத்து போட நோட்டு சுத்தி வந்துட்டிருக்கு, முதல்வர் அம்மா முதல் கையெழுத்து போட்டு ஆரம்பிச்சு வெக்கணும்னு மேடைலயே கேட்டுக்கறேன்...

துண்டு சீட்டு வந்துடுச்சு. டீ ஆறுதாம். மூணாவது விஷயம், எந்த எடிட்டர் எடுக்கலாம்ங்கறது, அடுத்த கூட்டத்துல பாக்கலாம், போன வருஷமும் இதான் சொன்னேன்னு பின்னாடி ஒரு தம்பி சொல்றாரு, உண்மை தான்.

வெளிய டீ மேசைக்கு பக்கத்துல தமிழ்99 ஸ்டிக்கர் ஒட்டுன நாலு கீபோர்டு வெச்சிருக்கோம். டம்ளர கீழ வெச்சிட்டு உங்க பேர அடிச்சு பாருங்க, பேர் சொன்னா எங்க பசங்க காட்டுவாங்க. அதுல ஒண்ணுல ஏ பக்கத்துல ஒரு கீ இருக்காது, ஓட்டை மட்டும் தான் இருக்கும். தேடாதீங்க, அது ஓனர் பாக்கெட்ல இருக்கு.