தரங்கம்பாடியில் இரண்டு இரவுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பௌர்ணமி அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் தரங்கம்பாடிக் கடற்கரையில் உட்கார்ந்து பாருங்கள். முதுகுப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் எதிரே தண்ணீருக்குள்ளிருந்து நிலா எழும்பும். முதலில் மங்கலாக, செம்பு நிறத்தில் தெரியும். அது மேலே ஏற ஏற, அங்கிருந்து நம் கால் வரைக்கும் கடல்மேல் ஒரு வெள்ளிப் பாதை விழும். இதற்குக் கட்டணம் கிடையாது. கிழக்குக் கடற்கரையில் பிறந்த நமக்கு இது சும்மா கிடைத்த சொத்து.

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு நான்கு நாளில் ஆறு ஊர் சுற்றினோம். வேனில் ஏறுவதும் இறங்குவதும்தான் வேலை. வீடு திரும்பியதும் அம்மா சொன்னார்: "எந்த ஊர்ல எதைப் பாத்தேன்னே தெரியலப்பா. கால் வலி மட்டும்தான் ஞாபகம் இருக்கு." அந்தப் பயணத்துக்கு வாங்கிய கடனை அடைக்கவே பல மாதம் ஆனது. அடுத்த விடுமுறைக்கு ஒரே ஊர், இரண்டு இரவு என்று முடிவு செய்தேன். தரங்கம்பாடி போனோம்.

சென்னையிலிருந்து மயிலாடுதுறைக்கு ரயில், அங்கிருந்து பஸ். தங்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன். தரங்கம்பாடிக்குள் அறைகள் குறைவு. ஆனால் பக்கத்திலேயே திருக்கடையூர் இருக்கிறது. அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்கிற ஊர் என்பதால், சாதாரணக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகிற விடுதிகள் அங்கே நிறைய உண்டு. முகூர்த்த நாட்களில் மட்டும் இடம் கிடைக்காது. அதைப் பார்த்து முன்பே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

தரங்கம் என்றால் அலை. 1620-இல் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரமும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஊர் பெரிதாக வளரவில்லை. இன்று நமக்குக் கிடைக்கிற அமைதி அப்படி வந்தது.

வாசல் வளைவைத் தாண்டினால் ராஜ வீதி. அந்த வீதியில் 1718-இல் கட்டிய புது எருசலேம் ஆலயம் இருக்கிறது. தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த சீகன்பால்கு அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கடலோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயில் அது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. சுற்றிப் பார்க்க ஒரு காலை நேரம் போதும். மீதி நேரத்துக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

விடியலில் கரைக்கு வந்தால் படகுகள் திரும்புவதைப் பார்க்கலாம். வலையிலிருந்து சங்கராவும் நெத்திலியும் உதறி விழும். மத்தியானம் மீன் குழம்போடு சாப்பாடு, அப்புறம் ஒரு தூக்கம். வெயிலில் தரை சூடானதும் கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரத் தொடங்கும். அந்தக் காற்றில் வருகிற தூக்கம் தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலையும் ஏறியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போக வேண்டாம். தை முதல் பங்குனி வரைதான் என் கணக்கில் நல்ல காலம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தக் கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். அலையின் இழுப்பு பலமானது, கரையில் கொட்டியிருக்கும் பாறைகளும் வழுக்கும். 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த ஊர் இது. கடலைப் பற்றி ஊர்க்காரர்கள் எவ்வளவு மரியாதையோடு பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கால் நனைத்தால் போதும். கொண்டுபோகிற பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். அது மீனவர் வலையில்தான் போய் மாட்டுகிறது.

இரண்டு இரவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பௌர்ணமிக்கு மறுநாள் நிலா சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். அதற்குள் நன்றாக இருட்டிவிடும். கறுத்த கடலில் அது வருகிற அழகு முதல் நாளைவிட ஒரு படி மேல். அன்றைக்கு அம்மா மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பலாமா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். "நீங்க போங்க, நான் பின்னாடி வர்றேன்" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை.

நன்றி, வணக்கம்.