கையெழுத்துக்குக் காத்திருக்கும் நாடு

நேயர்களுக்கு வணக்கம்.

நீங்கள் இப்போது என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டியை வீட்டில் வைத்திருக்க ஒரு காலத்தில் லைசென்ஸ் வேண்டும். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பாஸ்புக் மாதிரி ஒரு சின்னப் புத்தகம். வருஷா வருஷம் அதை எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போய்ப் பணம் கட்டினால், அதற்கென்றே அச்சடித்த ஸ்டாம்பை ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். மறந்துபோனால் அபராதம். லைசென்ஸ் இல்லாமல் பெட்டி வைத்திருந்தால் குற்றம். 1933-இல் வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டம் அது. அவர்கள் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் அதை விடவில்லை. 1980-களின் நடுவில்தான் எடுத்தார்கள். எடுத்ததால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை. (தனியார் எஃப்.எம். நிலையங்கள் இன்னமும் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான்.)

அரசு தன் கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். இப்படிச் சொன்னவுடனே, ரேஷன் கடையை மூடச் சொல்கிறான், பெரியாஸ்பத்திரியை விற்கச் சொல்கிறான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. நம் நாட்டில் அரசு முதலில் விட வேண்டியது அனுமதி கொடுக்கும் வேலையை. அந்த வேலையால் அதிகம் அடிபடுகிறவர் ஏழை. பணக்காரருக்கு ஆடிட்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், தெரிந்த அதிகாரி இருக்கிறார்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் ராஜாஜியிடம் போய்த்தான் நிற்க வேண்டும். 1952-இல் சென்னை மாநில முதல்வராக வந்த சில மாதங்களிலேயே உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். அதுவரை அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக பெர்மிட் வேண்டும். கட்டுப்பாட்டை எடுத்தால் விலை எகிறிவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. பதுக்கியிருந்த நெல் வெளியே வந்தது. பிறகு 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு, கூட்டுறவுப் பண்ணைதான் விவசாயத்தின் எதிர்காலம் என்று தீர்மானம் போட்டது. அதே வருஷம், எண்பது வயதில், மனிதர் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார். என்.ஜி.ரங்கா தலைவர், மினு மசானி பொதுச்செயலாளர். 'லைசென்ஸ் பெர்மிட் ராஜ்' என்ற வசவு அவர் கொடுத்ததுதான். 1962-இல் மக்களவையில் 18 இடம், 1967-இல் 44 இடம். அப்போது அதுதான் மிகப் பெரிய எதிர்க்கட்சி. 1971-இல் 8 இடத்துக்கு இறங்கி, 1974-இல் வேறு கட்சியில் கரைந்தது.

ராஜாஜி பேரைச் சொன்னதும் "குலக்கல்வி?" என்று கேட்கப் போகிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1953-இல் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பாவின் தொழிலைப் பழகட்டும் என்று உத்தரவு போட்டார். அடுத்த வருஷமே பதவியை விட்டுப் போக வேண்டி வந்தது. என்னைக் கேட்டால், சிறிய அரசு பேசியவர் செய்த மிகப் பெரிய அரசுத் தலையீடு அதுதான். கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒரு கையெழுத்தில் ஊர்ப் பிள்ளைகள் மத்தியானம் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பதும் பெர்மிட் ராஜ்தான். வண்ணான் மகன் எதைப் படிக்கலாம் என்பதற்கு வேறொருவர் அனுமதி எதற்கு? அவர் கொள்கையைக் கொண்டே அவரைக் கேட்கலாம்.

தங்கத்தின் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை. சீனாவோடு சண்டை முடிந்த கையோடு, 1963 ஜனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. அன்னியச் செலாவணி மிச்சமாகும், கடத்தல் ஒழியும் என்பது கணக்கு. 14 காரட் என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். அதில் தாலி செய்து கட்ட எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? ஊருக்கு ஊர் பத்தர்களின், அதாவது நகை செய்யும் ஆசாரிகளின், உமி அடுப்பு அணைந்தது. பட்டறையை மூடிவிட்டுக் கூலி வேலைக்குப் போனார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1966-இல் காரட் வரம்பைத் தளர்த்தினார்கள். ஆனால் 1968-இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. தங்கக் கட்டி, காசு வைத்திருக்கத் தடை. பத்தருக்குச் சான்றிதழ், கையிருப்புக்கு வரம்பு, எழுதிவைக்க நோட்டு. கடத்தல் ஒழிந்ததா? அந்த இருபது வருஷத்தில்தான் கடத்தல் தனித் தொழிலாகவே வளர்ந்தது. 1990-இல் மது தண்டவதே நிதியமைச்சராக இருந்தபோது சட்டத்தைத் தூக்கினார்கள். கடத்தல்காரரைப் பிடிக்கப் போட்ட வலையில் சிக்கியது முழுக்க ஆசாரிகள்தான்.

பெரிய தொழில்களில் இதே கதை தலைகீழாக நடந்தது. 1951-ஆம் வருஷத் தொழில் சட்டப்படி புது ஆலை வைக்க லைசென்ஸ், இருக்கிற ஆலையைப் பெரிதாக்க லைசென்ஸ், புதுப் பொருள் செய்ய லைசென்ஸ். நோக்கம், ஒரு சிலர் கையில் செல்வம் குவியாமல் தடுப்பது. 1960-களில் பொருளாதார நிபுணர் ஆர்.கே.ஹஸாரி அரசுக்காகவே ஆராய்ந்து கொடுத்த அறிக்கை என்ன சொன்னது? பெரிய குடும்பங்கள் லைசென்ஸுகளை முன்கூட்டியே வாங்கிப் போட்டுக்கொண்டு மற்றவர்களை உள்ளே விடாமல் வைத்திருந்தன. அதற்கு மருந்தாக 1969-இல் இன்னொரு சட்டம் வந்தது. அதாவது இன்னும் ஒரு அனுமதி! ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த வீடுகள் உங்கள் தெருவிலேயே இருந்திருக்கும். 1991 ஜூலை 24-இல் 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அறிவித்தார்கள். நாற்பது வருஷக் கட்டடம் ஒரே நாளில் சரிந்தது. நல்லவேளை.

ஆனால் 1991-இல் கதவு திறந்தது பெரிய ஆலைக்குத்தான். சின்னப் பட்டறைக்காரருக்கு இன்ஸ்பெக்டர் அப்படியே இருந்தார். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பதினான்கு மாதத்துக்கு ஒரு தடவை சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். அடித்த தேதியைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். போதுமான எண்ணிக்கையில் எச்சில் படிக்கம் வைக்க வேண்டும். தவறினால், புத்தகப்படி, இரண்டு வருஷம் வரை சிறை. வெள்ளையடிக்காததற்காக யாரும் உள்ளே போனதில்லை என்பீர்கள். சரிதான். அந்தப் பிரிவின் பயன் சிறையாக இருக்கவில்லையே. ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன முதலாளி, தேதி விட்டுப்போயிருக்கே?" என்று ஒரு கேள்வி கேட்பதில் இருந்தது அதன் பயன். அப்புறம் என்ன நடக்கும் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், நேயர்களுக்கும் தெரியும்.

கண்காணிப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். ரசாயன ஆலைக்கும் பாய்லருக்கும் எவ்வளவு கெடுபிடி இருந்தாலும் தகும். படிக்கத்தை எண்ணிக்கொண்டிருக்கும் அதிகாரிக்கு வால்வைப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது? தையல் கூடம், மாவு மில், மரச்செக்கு போன்றவை தொடங்குவதற்கு அனுமதியே வேண்டாம், தொடங்கிவிட்டேன் என்று தகவல் சொன்னால் போதும் என்று வைத்தால் அந்த ஆட்களை ஆபத்தான இடத்துக்கு அனுப்பலாம். 2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் மூலம் 42 மத்தியச் சட்டங்களில் 183 பிரிவுகளின் தண்டனையைத் திருத்தினார்கள். நல்ல ஆரம்பம். என் யோசனை, எந்த விதியானாலும் பிறக்கும்போதே பத்து வருஷ ஆயுள் என்று எழுதிவிட வேண்டும். வேண்டுமானால் சட்டமன்றம் மறுபடி கூடி நீட்டிக்கட்டும். வானொலி லைசென்ஸை யாராவது இரண்டாம் தடவை நீட்டித்திருப்பார்களா?

அரசு செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்று உண்டு. வழக்குத் தீர்ப்பது. அதைத் தனியாரிடம் விட முடியாது. நாட்டின் நீதிமன்றங்களில் 5 கோடிக்கும் மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. வரப்புத் தகராறில் தாத்தா போட்ட கேஸைப் பேரன் நடத்துகிறான். அந்த நேரத்தில் அரசு 1953-இலிருந்து விமானம் ஓட்டிக்கொண்டிருந்தது. 2022 ஜனவரியில்தான் ஏர் இந்தியாவை டாடாவிடம் திருப்பிக் கொடுத்தது. நம் மாநில அரசு 2003-இலிருந்து டாஸ்மாக் மூலம் சாராயச் சில்லறைக் கடை நடத்துகிறது. கடைக்கு இடம், நேரம், வயது விதித்து, மீறினால் பிடிக்க வேண்டியவர் அரசு. விற்பவரும் பிடிப்பவரும் ஒருவரே என்றால் யார் யாரைப் பிடிப்பது? கோயில் நிர்வாகத்தைப் பற்றி ஆரம்பித்தால் எனக்குக் கொடுத்த நேரம் போதாது, விட்டுவிடுகிறேன்.

கண்மாயைப் பற்றி மட்டும் பேசிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் எல்லாம் சேர்த்துச் சுமார் 39,000. இவற்றை ஊர்க்காரர்கள் குடிமராமத்து என்று கூடிப் பராமரித்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வருவார், மதகைத் திறந்து மூட நீர்க்கட்டி என்று தனி ஆள். 1858-இல் வெள்ளைக்காரர்கள் இந்த வழக்கத்தைக் கட்டாய உழைப்புச் சட்டமாக எழுதி, வராதவருக்குத் தண்டனை வைத்தார்கள். கண்மாய் வருமானமும் அதிகாரமும் சர்க்காருக்கு, மண் சுமப்பது மட்டும் ஊருக்கு என்றால் யார் வருவார்? இன்றைக்கு 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளது பொதுப்பணித் துறை வழி வந்த நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்திடம். மதகு ஷட்டர் துருப்பிடித்தால் எஸ்டிமேட் மேலே போய்க் கீழே வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும்.

பழைய ஊர் ஒன்றும் சொர்க்கமில்லை. நீர்க்கட்டி சேரியைச் சேர்ந்தவராக இருப்பார், முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருக்க மாட்டார். கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் கடுமையாகப் பேசியதற்குக் காரணம் இருந்தது. ஆகவே நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் ஓட்டு இருக்கிற ஊராட்சியைத்தான் நான் கேட்கிறேன். அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-இல் அமலுக்கு வந்து, ஊராட்சிகளுக்கென்று 29 துறைகளைப் பட்டியல் போட்டது. பட்டியல் வந்தது, பணம் வரவில்லை. வந்த பணத்திலும், 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று மேலே இருந்தே கட்டிவைக்கப்பட்டது. கிராம சபையில் வாசிக்கிற பொருள்பட்டியலில் பெரும்பகுதி மாவட்டத் தலைநகரிலிருந்து வருகிறது.

இதை மாற்ற டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. சட்டமன்றம் நினைத்தால் ஒரு கூட்டத்தொடர் போதும். சின்னக் கண்மாய்களை, மீன்பாசிக் குத்தகை வருமானத்தோடு சேர்த்து, அந்தந்த ஊராட்சியிடமே விட்டுவிடட்டும். கணக்கை கிராம சபையில் வாசிக்க வேண்டும், வருஷம் ஒரு தடவை தணிக்கை வேண்டும் என்று மட்டும் விதி வைக்கட்டும். ஷட்டர் மாற்ற யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

நன்றி, வணக்கம்.