ராட்ஜர்ஸ் பேனாக்கத்தி திறந்தது! (பழைய கத்தியைப் பஃப் வீலில் காட்டாதீர்கள்)

வணக்கம் மக்களே. முதலில் இந்தக் கத்தியைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். பளபளவென்று இருக்கிறதா? இதைப் பார்த்துத்தான் எனக்கு நேற்று ராத்திரி தூக்கமே போய்விட்டது. ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினேன், தபால் செலவோடு 2,800 ரூபாய். அவர் போட்டிருந்த படத்தில் அலகு முழுக்க நல்ல கருமை, அடியில் ஷெஃபீல்டு முத்திரை, கத்திக்குப் பெயர்போன இங்கிலாந்து ஊர் அது. அந்த முத்திரைக்காகத்தான் பணம் கொடுத்தேன். மனிதர் அனுப்புவதற்கு முன் அவராகவே பஃப் வீலில், அதாவது சுழல்கிற பாலிஷ் சக்கரத்தில், வைத்துத் தேய்த்துவிட்டார். நான் கேட்கவே இல்லை. உள்ளே ஒரு சீட்டு வேறு: ‘புதுசு மாதிரி ஆக்கியிருக்கிறேன் சார்.’

முத்திரை போயே போய்விட்டது. ஒரு எழுத்தின் கால் மட்டும் மிச்சம். நுனியைப் பாருங்கள், லேசாக நீலம் பூத்திருக்கிறது. வீலில் அழுத்திப் பிடித்ததில் அந்த இடம் 300 டிகிரி அளவுக்குச் சூடேறியிருக்கிறது. பேனாக்கத்தி எஃகைக் காய்ச்சிக் கடினமாக்கிய பிறகு, கடைசியாகப் பதப்படுத்துவது அதைவிடக் குறைந்த சூட்டில். நீலம் வந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. இனி எத்தனை முறை சாணை பிடித்தாலும் அந்த நுனியில் கூர் நிற்காது. 2,800 ரூபாய் மக்களே! பணத்தைத் திருப்பித் தர முடியாதாம், ‘கூடுதல் வேலை செய்து கொடுத்திருக்கிறேனே’ என்கிறார்.

நாள்பட்ட தோசைக்கல்லை யாராவது மணல் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்குவார்களா? பழைய கார்பன் எஃகுக் கத்தியின் கருமையும் அதுதான். சிவப்புத் துரு இரும்பைத் தின்னும், அதை எடுக்கத்தான் வேண்டும். மாங்காயும் எலுமிச்சையும் வெட்டி வெட்டி ஏறிய சாம்பல் கருமை அப்படியில்லை, அது கத்தியைக் காக்கும். ஒப்பினெல் என்கிற பிரெஞ்சு மடக்குக் கத்திக்கு டீத் தண்ணீரில் கருமை ஏற்றிய வீடியோவில் இதைத்தான் விரிவாகச் சொன்னேன். ஹேரி ப்ரேர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடித்ததே 1913-இல், அதுவும் அதே ஷெஃபீல்டில். அதற்கு முந்தைய கத்திகள் எல்லாம் கருக்கத்தான் செய்யும்.

சரி, இப்போது நல்ல விஷயத்துக்கு வருகிறேன். இதோ, தாத்தாவின் கத்தி. நம் சேனலின் பழைய ஆட்களுக்குத் தெரியும், இதைப் பற்றி எவ்வளவு நாளாகப் புலம்பியிருக்கிறேன் என்று. கேஜிஎஃப்பில், அதாவது கோலார் தங்கவயலில், அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. மாரிக்குப்பம் ரயிலில் போய் வாங்கி வந்தேன். கோரமண்டல், ஊரிகாம், சாம்பியன் என்று அந்த ஸ்டேஷன் பெயர்களைக் கேட்டாலே எனக்குச் சந்தோஷம். தாத்தாவுக்குச் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. கப்பலேறிப் போன ஒரு துரையின் வீட்டுச் சாமான் ஏலத்தில் இதை எடுத்தாராம். ‘எங்கப்பா வெத்தலப் பையிலயே வெச்சிருப்பாரு, எங்களத் தொட விடமாட்டாரு’ என்று சொல்லிக்கொண்டே அத்தை என் கையில் வைத்தார்.

இரண்டு அலகு. இரண்டும் அசையவில்லை. அத்தை பாசத்தில் வருஷா வருஷம் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார், அது உள்ளே பிசின் மாதிரி இறுகிவிட்டது. வாட்ஸ்அப்பில் படம் பார்த்த எல்லோரும் ‘கட்டிங் பிளேயரால் இழுங்கள்’ என்றார்கள். கூடவே கூடாது! இந்தக் கத்திக்கு முதுகுப் பக்கம் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங்தான், அதுதான் அலகின் அடியை அழுத்திப் பிடிக்கிறது. பிளேயரால் இழுத்தால் நகம் வைத்துத் திறக்கிற பள்ளம் பிய்ந்துவிடும், இல்லையென்றால் ஸ்பிரிங் உடையும். எருமைக்கொம்புக் கைப்பிடி என்பதால் கெரசினில் முழுசாக ஊறப்போடவும் எனக்கு மனம் வரவில்லை.

தையல் மெஷின் எண்ணெய்தான். சிவாஜிநகரில் வாங்கினேன், சின்ன பாட்டில் 40 ரூபாய். ஊசி முனையில் தொட்டு, அலகு சுழல்கிற ஆணி இருக்கிற இடத்தில் ஒரு சொட்டு. ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து இளஞ்சூடு. மறுபடியும் ஒரு சொட்டு. பழுப்பாக அழுக்கு வழியும், துடைக்க வேண்டும், மறுநாளும் அதே வேலை. அவசரமே கூடாது. முந்தாநாள் ராத்திரி நகத்தை வைத்து லேசாகத் தூக்கினேன், மயிரிழை அசைந்தது. இன்னும் ஒரு சொட்டு. திரும்பத் தூக்கினேன். பாதி வந்தது. அப்புறம் ‘டக்’ என்று ஸ்பிரிங் விழுந்த சத்தம் கேட்டது பாருங்கள், கத்திவிட்டேன்! கேளுங்கள், மைக் பக்கத்தில் திறக்கிறேன்... டக். இன்னொரு தடவை... டக். எத்தனை வருஷமாக வேலை செய்யாத ஸ்பிரிங், எவ்வளவு திடமாக இருக்கிறது!

அட, முக்கியமானதைச் சொல்லவே இல்லை. முத்திரை! பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் துடைத்ததும் ஒரு நட்சத்திரம், ஒரு மால்டீஸ் சிலுவை. ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்டின் பழைய கத்திக் கம்பெனி. அந்தப் பெயரில் போலிகள் ஏகப்பட்டது என்பதால் லென்ஸ் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். வெட்டு ஆழம், கோடுகள் சுத்தம், எழுத்து ஒரே வரிசை. ‘கட்லர்ஸ் டு ஹிஸ் மெஜஸ்டி’ (அரசருக்குக் கத்தி செய்பவர்கள்), கீழே ‘இங்கிலாந்து’. வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்ட பிறகுதான் இந்த ‘இங்கிலாந்து’ பரவலாக வந்தது. 1901 வரை அங்கே விக்டோரியா ராணி, 1952 முதல் 2022 வரை எலிசபெத் ராணி. ‘ஹிஸ்’ என்று போட்டிருப்பதால் இது நடுவில் அரசர்கள் இருந்த காலத்தில் செய்தது. இத்தனையையும் எனக்குச் சொன்னது நகக்கண் அகலத்தில் இருக்கிற முத்திரை. பஃப் வீலில் ஒரு நிமிஷம் போதும், அத்தனையும் காலி. என் ஆத்திரம் புரிகிறதா?

கமென்ட்டில் ராம்புரிக் கத்தி கேட்கிறவர்களுக்கு: உத்தரப் பிரதேச ராம்பூரின் கைவேலையை மதிக்கிறேன், ஆனால் பட்டனைத் தட்டினால் பாய்கிற கத்தி எனக்குப் பிடிக்காது, வாங்கமாட்டேன். மேலும் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால், வீட்டு வேலை, விவசாயம் மாதிரியான உபயோகத்துக்கு இல்லாதபோது அரசு அறிவித்த பகுதிகளில் ஆயுதச் சட்டப்படி உரிமம் கேட்பார்கள். தாத்தாவின் கத்தி என் சுண்டுவிரல் நீளம்தான்.

சின்ன அலகு இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது, எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். திறந்ததும் ஷார்ட்ஸ் போடுகிறேன். உங்கள் வீட்டிலும் கேஜிஎஃப் காலத்துப் பேனாக்கத்தி இருந்தால் அலகின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். துடைக்காமல் அப்படியே அனுப்புங்கள்.