இறந்த சிப்பாயைத் தத்தெடுக்கக் காத்திருக்காங்க! ஏன் தெரியுமா?

[காட்சி: பச்சைப் புல்வெளி. வளைவு வளைவா வெள்ளைச் சிலுவைகள். பின்னணி இசை வேண்டாம்.]

குழந்தையைத் தத்தெடுப்பாங்க, தெரியும். கல்லறையைத் தத்தெடுக்கறதைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? அதுவும் முன்னப்பின்ன பார்த்திராத, வேற நாட்டுல பொறந்து, 80 வருஷத்துக்கு முன்னாடியே இறந்துபோன ஒரு சிப்பாயோட கல்லறையை?

நெதர்லாந்துல மார்கிராட்டன்னு ஒரு சின்ன ஊர். அங்க 8,000-க்கும் மேல அமெரிக்க சிப்பாய்கள் புதைக்கப்பட்டிருக்காங்க. ஒண்ணு பாக்கியில்லாம அத்தனை கல்லறையும் தத்துப் போயாச்சு. இன்னைக்கு நீங்க போய்க் கேட்டா, பேரைக் குடுத்துட்டுக் காத்திருக்கணும்.

வணக்கம் மக்களே. வரலாற்றைச் சட்டுனு முடிச்சிடறேன். 1940 மே மாசம் ஹிட்லர் படை நெதர்லாந்தைப் பிடிச்சது. 1944 செப்டம்பர்ல அமெரிக்கப் படை இந்தத் தெற்கு மூலையை மீட்டுது. அப்புறம் சண்டை ஜெர்மனிக்குள்ள நகர்ந்துச்சு. அங்க விழுந்தவங்களை எதிரி மண்ணுல விடக்கூடாதுன்னு லாரியில ஏத்தி மார்கிராட்டனுக்குக் கொண்டு வந்தாங்க.

சரி, இத்தனை குழியையும் தோண்டினது யாரு?

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமாப் பேசணும். 1944 நவம்பர். விடாத மழை, முழங்கால் சேறு. கையில மண்வெட்டியும் கடப்பாரையும். தோண்டினவங்க கறுப்பின சிப்பாய்கள். 960-ஆவது குவார்ட்டர்மாஸ்டர் சர்வீஸ் கம்பெனி, அதாவது சண்டை போடாம ராணுவத்தோட சப்ளை, உடல் உழைப்பு வேலைகளைப் பார்க்கற பிரிவு. அப்போ அமெரிக்க ராணுவத்துல கறுப்பினத்தவருக்குத் தனிப் பிரிவுதான். அந்தப் பிரிவினையை ஒழிக்க அதிபர் ட்ரூமன் உத்தரவு போட்டதே 1948-லதான். உயிரோட இருக்கும்போது ஒரே கூடாரத்துல தங்க விடாத ராணுவம், செத்த பிறகு புதைக்கற வேலையை இவங்க தலையில கட்டுச்சு. எனக்கு இதைப் படிக்கும்போது வயிறு எரிஞ்சது.

அந்தப் பிரிவுல ஜெஃபர்சன் விக்கின்ஸ்னு ஒருத்தர். அலபாமாக்காரர். வயசு 19. வந்த உடல்களுக்கு சவப்பெட்டி கிடையாது, மெத்தை உறையில வெச்சுப் புதைச்சாங்க. குழிக்குள்ள நின்னு அழுதுக்கிட்டே தோண்டினோம்னு அவர் பின்னாடி சொன்னார். பின்னாடின்னா எப்போ? பல பத்து வருஷம் கழிச்சு! 2009-லதான் திரும்ப மார்கிராட்டனுக்கு வந்து நின்னார். 2013-ல காலமானார். கல்லறையில பேர் இருக்கறவங்களை நினைக்கற ஊர், அதைத் தோண்டினவங்களைக் கேட்டுத் தெரிஞ்சுக்க 60 வருஷத்துக்கு மேல ஆச்சு.

உங்க வீட்டுல போருக்குப் போய்த் திரும்பாதவங்க யாராவது இருந்தா, அவங்க பேரைக் கீழே கமெண்ட்ல எழுதுங்க. ஒவ்வொரு பேரையும் நான் வாசிப்பேன்.

தத்தெடுக்கறதுன்னா என்ன? அந்தச் சிப்பாயோட பிறந்த நாளுக்கோ, இறந்த நாளுக்கோ, போர்ல இறந்தவங்களுக்காக மே மாசக் கடைசியில வர்ற அமெரிக்க நினைவு நாளுக்கோ பூ வைக்கணும். முடிஞ்சா அமெரிக்காவுல இருக்கற குடும்பத்துக்குக் கடிதம் எழுதலாம். பாட்டி பார்த்துக்கிட்ட கல்லறையை அம்மா, அம்மாவுக்கு அப்புறம் பேத்தின்னு கைமாறிக்கிட்டே வருது. 1945-லயே ஆரம்பிச்ச வழக்கம் இது. உடல் கிடைக்காத 1,722 பேரோட பெயர்கள் அங்க இருக்கற நினைவுச் சுவர்ல இருக்கு, அதையும் தத்தெடுத்திருக்காங்க.

அண்ணன் தம்பி பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கற ஜோடி மட்டும் 40. 40 அம்மாக்களுக்கு ரெண்டு ரெண்டு தந்தி போயிருக்கும்.

2015-லிருந்து இன்னொண்ணும் செய்யறாங்க. சிப்பாய்களோட புகைப்படங்களைத் தேடிப் பிடிச்சு, மே மாசத்துல அந்தந்தக் கல்லறைக்குப் பக்கத்துல வைக்கறாங்க. பேர் மட்டும் இருந்த இடத்துல 20 வயசுப் பையன் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு நிக்கறான்.

[காட்சி: சிலுவைக் கல், மிக அருகில்.]

இந்த வீடியோ எடுக்கணும்னு எனக்குத் தோணினதே இப்போ சொல்லப் போற விஷயத்தாலதான். சிலுவை மொத்தமும் இத்தாலி நாட்டு வெள்ளைப் பளிங்கு. அதுல பேரைச் செதுக்கியிருக்காங்க, வண்ணம் பூசலை. வெள்ளையில வெள்ளை எழுத்து. போட்டோ எடுத்தா ஒண்ணும் தெரியாது. கடல் தாண்டி வந்த தங்கச்சியோ பேரனோ எப்படிப் படம் எடுப்பாங்க?

அதுக்குத்தான் மணல். கல்லறையைப் பராமரிக்கற ஊழியர்கள் ஈர மணலைக் கையில அள்ளி எழுத்து மேல அழுத்தித் தேய்ப்பாங்க. அப்புறம் ஸ்பாஞ்சால மேலோட்டமாத் துடைச்சுடுவாங்க. பள்ளத்துல மட்டும் மணல் தங்கும். கண்ணு முன்னாடியே அந்தப் பேர் தங்க நிறத்துல எழுந்து வரும். அந்த மணல் எங்கேருந்து வருது தெரியுமா? பிரான்ஸ்ல, நார்மண்டியில இருக்கற ஓமஹா கடற்கரையிலருந்து. 1944 ஜூன் 6-ஆம் தேதி அமெரிக்கப் படை குண்டு மழையில கரையேறின அதே கரை.

ஒரு மழை பெஞ்சா மணல் கரைஞ்சு போயிடும். கல்லு திரும்ப வெறும் வெள்ளை ஆயிடும். அடுத்த சொந்தக்காரர் வர்ற அன்னைக்கு, வாளியில மணலும் தண்ணியும் எடுத்துக்கிட்டு, முதல் எழுத்துலருந்து மறுபடி தேய்ப்பாங்க.