எதை உள்ளே விடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் கேரம் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு மன்றத்துக்கு நீங்கள் இணையதளம் அமைத்துத் தருவதாக வைத்துக்கொள்வோம். போட்டி அறிவிப்பைப் பிற மன்றத்தாரே எழுதி அனுப்பலாம். தடித்த எழுத்து, படம், இணைப்பு எல்லாம் சேர்க்கலாம். வில்லங்கம் இங்கேதான். வெளியார் அனுப்பிய எச்டிஎம்எல்லுக்குள், அதாவது இணையப் பக்கத்தை வடிவமைக்கும் குறிமொழிக்குள், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒளிந்திருந்தால், பிரவுசர் அதை உங்கள் தளத்தின் சொந்த நிரலாகவே எண்ணி இயக்கும். பக்கத்தைத் திறப்பவர் தளத்தின் நிர்வாகி என்றால், அவருடைய அதிகாரத்தோடே ஓடும்.

“ஸ்கிரிப்ட் டேகை நீக்கிவிட்டால் போதாதா?” என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். டேக் என்பது எச்டிஎம்எல்லில் ஒரு பகுதி என்னவென்று சொல்லும் குறி; நிரலைக் குறிப்பது ஸ்கிரிப்ட் டேக். போதாது. ‘ஸ்கிரி’ என்று தொடங்கி, நடுவே முழு ஸ்கிரிப்ட் டேகைச் செருகி, ‘ப்ட்’ என்று முடித்து அனுப்புவார்கள். நடுவிலுள்ளதை நீங்கள் வெட்டியதும் இரு ஓரமும் ஒட்டிக்கொள்ளும்; புத்தம்புது டேக் தயார்! அந்த டேகே இல்லாமலும் காரியம் நடக்கும். இல்லாத படத்துக்கு ஒரு இமேஜ் டேக், அதில் ‘ஆன்எரர்’ என்று ஒரு பண்பு (டேகுக்குள் எழுதும் கூடுதல் குறிப்பு). படம் கிடைக்காத கணமே அதிலுள்ள நிரல் ஓடும்.

2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லையே தடுத்து வைத்திருந்தது. சாமி காம்கார் என்ற இளைஞர் தன் பக்கத்தில் அந்தச் சொல்லை இரண்டு வரிகளாக உடைத்து எழுதினார். வேண்டாததை நீக்கும் தளத்தின் வடிகட்டிக்கு அது தெரியவில்லை, சில பிரவுசர்களோ சேர்த்தே படித்தன. பார்த்தவர்களின் கணக்கிலிருந்தெல்லாம் அவருக்கு நட்பு வேண்டுகோள் தானாகவே பறந்தது. ஒரே நாளுக்குள் வேண்டுகோள்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

திருடனின் வேடங்களை எண்ணி முடியாது. எனவே அனுமதிப்பதை மட்டும் பட்டியலிடுங்கள்: பத்தி, தடித்த எழுத்து, இணைப்பு, படம். பண்புகளுக்கும் தனிப் பட்டியல் வேண்டும். ‘ஆன்’ என்று தொடங்கும் எதுவும் அதில் இருக்கக் கூடாது. இணைப்பின் முகவரி எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் மட்டுமே சரி. அலங்காரமே தேவையில்லையா? டேகுகளை வெறும் எழுத்தாகவே காட்டிவிடுங்கள், தலைவலி மிச்சம்.

வடிகட்டியை நீங்களே எழுத வேண்டாம். பிரவுசர் அரைகுறை டேகையும் தன் இஷ்டப்படி திருத்திப் படிக்கும். சொல் தேடி வெட்டும் நிரலுக்கு அந்தச் சூட்சுமம் பிடிபடாது. ஜாவாஸ்கிரிப்டுக்கு டாம்பியூரிஃபை, பிஎச்பி என்ற நிரல்மொழிக்கு எச்டிஎம்எல் பியூரிஃபையர் என்று ஆயத்த வடிகட்டிகள் இலவசமாகவே இருக்கின்றன. புதிய பதிப்பு வந்ததும் மாற்றிவிடுங்கள். வடிகட்டிய பிறகு அந்த எச்டிஎம்எல்லில் கைவைக்காதீர்கள். சொல்லை மாற்றுவதோ இணைப்பைச் சேர்ப்பதோ எதுவானாலும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.