கோவை – திருப்பூர்: தினமும் நூறு கிலோமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்குக் கோவை புலியகுளத்தில் வீடு, திருப்பூர் காந்தி நகரில் வேலை. பதினோரு ஆண்டுகளாகக் காரில்தான் போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று சொன்னால், "ஒரு மணி நேரம்தானே!" என்பார்கள். அந்தக் கணக்கை நம்பி வேலையை ஒப்புக்கொண்டு, ஆறே மாதத்தில் உடம்பு நொந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்த வழியை மூன்று துண்டாகப் பாருங்கள். வீட்டிலிருந்து நீலம்பூர் வரை ஒன்று. நீலம்பூரிலிருந்து அவிநாசி வரை நெடுஞ்சாலை. அவிநாசியில் பிரிந்து, திருமுருகன்பூண்டி, அனுப்பர்பாளையம் வழியாகத் திருப்பூருக்குள் நுழைவது கடைசித் துண்டு. நடுவில் உள்ள நெடுஞ்சாலை சுமார் 25 கிலோமீட்டர். எண்பதில் போனால் பத்தொன்பது நிமிடம். நூறில் விரட்டினால் பதினைந்து. உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த அந்த நான்கு நிமிடமும், அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி பஸ் ஆள் ஏற்றி முடிப்பதற்குள் போய்விடும். நேரத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில்தான் கை வைக்க வேண்டும்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், இரண்டு மட்டும்தான் எழுதுவேன். ஏழு மணிக்கு முன்பு கிளம்பிய நாட்களில் பெரும்பாலும் ஒன்றேகால் மணி நேரத்தில் சேர்ந்திருக்கிறேன். ஏழரைக்குக் கிளம்பிய நாட்களில் ஒன்றே முக்கால். அரை மணி தாமதித்தால் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேருகிறோம். காரணம் எளிது. திருப்பூரில் பெரும்பாலான கம்பெனிகள் எட்டரைக்குத் தொடங்குகின்றன. எட்டு மணியிலிருந்து கம்பெனி வேன்கள், பள்ளிப் பேருந்துகள், இருசக்கர வாகனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவிநாசி சாலையில் இறங்குகின்றன. அந்த அலைக்கு முன்னால் ஊருக்குள் போய்விட வேண்டும்.

கோவைப் பக்கம் இப்போது கொஞ்சம் ஆறுதல் இருக்கிறது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. லட்சுமி மில்ஸ், பீளமேடு, ஹோப் காலேஜ் என்று ஒவ்வொரு இடமாக நின்று நின்று போன காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் மேம்பாலம் மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டுத் தாமதமாகக் கிளம்பினால், திருப்பூர் நெரிசலில் அதையும் சேர்த்து இழப்போம்.

சிலர் சோமனூர், மங்கலம் வழியைச் சொல்வார்கள். கருமத்தம்பட்டியில் பிரிந்து விசைத்தறி ஊர்களுக்கு நடுவே போகும் சாலை அது. திருப்பூரின் மேற்கே வேலை இருப்பவர்களுக்கு நல்லது. சிங்காநல்லூர், சூலூர்க்காரர்களுக்குப் பல்லடம் வழி கைகொடுக்கும். எந்த வழியானாலும், கையில் இரண்டாவது வழி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கணியூர் அருகே ஒரு லாரி கவிழ்ந்தால் நெடுஞ்சாலையில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

செலவைச் சொல்கிறேன். திருப்பூரில் வாரம் ஆறு நாள் வேலை. மாதம் 25 நாள் என்றால் 2,500 கிலோமீட்டர், ஆண்டுக்கு 30,000. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், பெட்ரோலுக்கு மட்டும் மாதம் பதினாறாயிரத்துக்கு மேல். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் ஆண்டுக்கு மூன்று. டயர் தேய்மானம் தனி. கணியூர் சுங்கச்சாவடிக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் எடுக்கலாம். 2025 ஆகஸ்ட் 15 அன்று அது அறிமுகமானபோது 3,000 ரூபாய். "ஆண்டு பாஸ்" என்ற பெயரைப் பார்த்து ஓராண்டுக்கு வரும் என்று நினைக்காதீர்கள். ஓராண்டு அல்லது 200 முறை, இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். தினம் இரண்டு முறை கடக்கிற நமக்கு நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். அப்படியும் அந்த விலைக்கு ஒரு முறைக்குப் பதினைந்து ரூபாய்தான் ஆனது, எடுப்பதே லாபம்.

இனி, யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று: வெயில். திருப்பூர் நமக்குக் கிழக்கே இருக்கிறது. காலையில் போகும்போது சூரியன் முகத்தில் அடிக்கும், மாலையில் திரும்பும்போதும் முகத்தில்தான் அடிக்கும். திருப்பூரில் குடியிருந்து கோவைக்கு வேலைக்கு வருபவர்களுக்கு இரண்டு வேளையும் சூரியன் முதுகுப் பக்கம். கண்ணாடியின் உட்புறத்தை வாரம் ஒருமுறையாவது துடையுங்கள். அழுக்குக் கண்ணாடியில் எதிர்வெயில் பட்டால், முன்னால் போகும் இருசக்கர வாகனமே தெரியாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மாலையில் எதிரே வீசும். வண்டி இழுக்கச் சிரமப்படுவதை மிதியிலேயே உணரலாம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதம். அந்த வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட். இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பியவன், தெக்கலூர் தாண்டியதும் கண் அயர்ந்துவிட்டேன். இடது சக்கரம் மண்ணில் இறங்கிய சத்தத்தில்தான் விழித்தேன். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. எத்தனை நொடி கண் மூடியிருந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஓரமாக நிறுத்திவிட்டு, கை நடுக்கம் அடங்கும்வரை வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். எட்டு மணிக்கு மேல் வேலை முடிந்தால் காரைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு ரயிலில் வருவேன். மறுநாள் காலையும் ரயில்தான். திருப்பூர் ரயில் நிலையம் ஊரின் நடுவிலேயே இருப்பது பெரிய வசதி. தினம் காரில் போகிறவர்கள்தான் ரயில் நேரத்தை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன்.

சென்ற ஆண்டு ஒரு தம்பி எங்கள் கம்பெனியில் சேரலாமா என்று கேட்டார். கோவையில் புது வீடு, கைக்குழந்தை. "முடிவு சொல்வதற்கு முன் ஒரு வாரம் என்னோடு காரில் வாருங்கள், சனிக்கிழமையும் சேர்த்து" என்றேன். திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பள நாள். சம்பளம் வாங்கியவர்கள் எல்லாம் அன்று மாலை கடைத்தெருவுக்கும் சொந்த ஊருக்கும் கிளம்புவார்கள். திங்களிலிருந்து வெள்ளி வரை அவர் உற்சாகமாகவே வந்தார். சனிக்கிழமை மாலை திருமுருகன்பூண்டியைத் தாண்டவே நாற்பது நிமிடம் ஆயிற்று. சாலையோரச் சிற்பக் கூடங்களில் உளிச்சத்தம் ஓய்ந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கைப்பேசியில் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவிநாசி திரும்பியதும், "அண்ணா, இங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா?" என்று கேட்டார். வேலையில் சேர்ந்துவிட்டார். இப்போது அவிநாசியில் குடியிருக்கிறார். குழந்தை தூங்குவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுகிறார்.

வணக்கம்.