ஸ்கீமில் ஒரே நேரத்தில் பல வேலை
(கோவையில் கல்லூரி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கங்க. இன்றைக்கு ஸ்கீம் என்கிற நிரல் மொழியில் ஒரே நேரத்தில் பல வேலை பார்ப்பது பற்றிப் பேசப் போகிறேன். கன்கரன்சியும் பேரலலிசமும் ஒன்றுதானே என்று ஒரு தம்பி வாசலிலேயே கேட்டார், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சோமனூர், பல்லடம் பக்கமிருந்து வருகிறவர்கள் தறிக்குடோனைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஆள் நாலைந்து தறியைப் பார்த்துக்கொள்வார். ஒன்றில் இழை அறுந்தால் ஓடிப் போய் முடிச்சுப் போடுவார், அதற்குள் இன்னொன்றில் தார், அதாவது குறுக்கே ஓடுகிற நூல் சுற்றிய குச்சி, தீர்ந்திருக்கும், அங்கே ஓடுவார். ஆள் ஒருவர்தான், கவனம்தான் மாறி மாறிப் போகிறது. அது கன்கரன்சி. இன்னொரு ஆளையும் சேர்த்து, இரண்டு பேரும் ஒரே நொடியில் ஆளுக்கொரு தறியில் கை வைத்தால் பேரலலிசம். இங்கே ஆள் என்பது பிராசஸர் கோர், அதாவது கணினிச் சிப்புக்குள் தனியாகக் கணக்குப் போடுகிற ஒரு பகுதி.

ஸ்கீமுக்கு இது பின்னால் ஒட்டவைத்த விஷயமே இல்லைங்க. 1975-இல் எம்.ஐ.டி.யில் ஜெரால்டு சஸ்மனும் கை ஸ்டீலும் இந்த மொழியை எழுத உட்கார்ந்ததே, கார்ல் ஹெவிட் சொன்ன ஆக்டர் முறையை, அதாவது ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டு ஒரே நேரத்தில் இயங்குகிற தனித்தனி 'ஆக்டர்'களாக நிரலைப் பார்க்கிற முறையை, புரிந்துகொள்ளத்தான். எழுதி முடித்துப் பார்த்தால், மொழியை ஓட்டிக்காட்டுகிற இன்டர்பிரட்டருக்குள் ஆக்டருக்கு எழுதிய நிரலும் சாதாரண ஃபங்ஷனுக்கு எழுதிய நிரலும் ஒன்றாகவே இருந்தன! எனக்கு இந்த மொழியின் மேல் பிரியம் வந்ததே இதைப் படித்தபோதுதான்.

அப்புறம் ஸ்கீமில் இருக்கிற 'கால் சிசி' (call/cc) என்கிற கட்டளை. பாதியில் நிற்கிற கணக்கில் இனி மீதி என்ன செய்ய வேண்டும் என்பதை அது ஒரு ஃபங்ஷனாகவே கையில் கொடுத்துவிடும். அதை ஒரு வரிசையில் போட்டுவிட்டு, வரிசையில் முதலில் நிற்பதை எடுத்து ஓட்டுங்கள், அது நின்றால் அதையும் வரிசையின் கடைசியில் சேருங்கள், அவ்வளவுதான், த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் தனியாக ஓடுகிற ஒரு வேலை இழை, வந்துவிட்டது. மிட்செல் வாண்ட் 1980-லேயே இதை விளக்கிக் கட்டுரை எழுதிவிட்டார்.

ஆனால் இப்படிச் செய்கிற த்ரெட்டால் கணக்கு வேகமாக முடியாது, ஏனென்றால் கோர் ஒன்றுதான் உழைக்கிறது. இரண்டாவது கோரை எழுப்புவது மொழியின் கையில் இல்லை, நீங்கள் எடுக்கிற ஸ்கீமின் கையில் இருக்கிறது; சிக்கன், கைல், ராக்கெட் என்று ஸ்கீமை ஓட்டுகிற மென்பொருள்கள் பல உண்டு. 2013-இல் வந்த, மொழியின் விதிகளைச் சொல்கிற ஆர்7ஆர்எஸ் சிறிய தரநிலையில் த்ரெட்டே கிடையாது. மார்க் ஃபீலி எழுதிய எஸ்.ஆர்.எஃப்.ஐ. 18 என்கிற கூடுதல் விதித்தொகுப்பு அந்த இடத்தை நிரப்புகிறது, சிக்கனும் அதைத் தருகிறது. ஆனால் சிக்கனின் த்ரெட்டுகள் எல்லாம் ஒரே கோரில்தான் ஓடும். கைல் அப்படியில்லை, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நிஜ த்ரெட்டையே தருகிறது, ஃபைபர்ஸ் நூலகத்தைச் சேர்த்தால் ஆயிரக்கணக்கான சின்ன வேலைகளை எல்லாக் கோர்களிலும் பரப்பிவிடும். ராக்கெட்டில் 'பிளேஸ்' இருக்கிறது: தனித்தனி நினைவகம், பேச்சு எல்லாம் செய்தி வழியாகத்தான். அதனால் வேலையைப் பார்த்து ஸ்கீமைத் தேர்ந்தெடுங்கள். பத்தாயிரம் பேர் இணைந்து காத்திருக்கிற சர்வருக்குத் தேவை கன்கரன்சி. பெரிய படத்தைத் துண்டு துண்டாகக் கணக்கிடத் தேவை பேரலலிசம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நிஜ த்ரெட்டுகளுக்கு நடுவில் ஒரே மாறியை 'செட்!' (மாறியின் மதிப்பை மாற்றுகிற கட்டளை) போட்டு மாற்றாதீர்கள், மாற்றியே ஆக வேண்டுமென்றால் மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடுகிற பூட்டு, போடுங்கள். இரண்டு த்ரெட் ஒரே எண்ணைப் படித்து, ஆளுக்கு ஒன்று கூட்டி எழுதினால், ஒரு கூட்டல் காணாமல் போய்விடும்; பத்து முறை ஓட்டினாலும் சரியாகத்தான் வரும், பதினோராவது முறை வேறு விடை வரும்.

சரி, லேப்டாப்பைத் திறங்கள். ஒரு வரிசை, இரண்டு ஃபங்ஷன், கால் சிசி; இருபது முப்பது வரியில், த்ரெட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டுகிற ஷெட்யூலர் எழுதிவிடலாம், வாங்க.